நாசாவே வியந்து போனதாம்!

பல்லி தலையில் விழுந்தால் கலகம் என்று என் பாட்டி சொன்னபோது எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. ஏன் என்று கேட்டால், "பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் பலன் இருக்கும், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வந்தால் தோஷம் போகும் என்று பரிகாரமும் இருக்கும். நம்புகிறவர் நம்பலாம், நம்பாதவர் தலையைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் பூக்களோடு சேர்ந்து வந்து இறங்கும் "உங்களுக்குத் தெரியுமா?" பதிவுகளில் அந்த நேர்மை மருந்துக்கும் இல்லை. நம் முன்னோர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் "அறிவியல் காரணம்" உண்டு. அதைக் கண்டுபிடித்த வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் உண்டு, அவருக்கு மட்டும் பெயர் கிடையாது. வியந்துபோய் வாயடைத்து நிற்கும் நாசா கட்டாயம் உண்டு. எனக்குப் பொறுக்காதது மூடநம்பிக்கை அல்ல, அதற்கு இவர்கள் ஒட்டித் தரும் இந்தப் போலிச் சான்றிதழ்தான்.

திருநள்ளாற்றுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சனீஸ்வரன் சன்னிதிக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்து நிற்கின்றனவாம், நாசா ஆராய்ந்து பார்த்துவிட்டுக் கைகூப்பி வணங்கியதாம். தாழ்ந்த வட்டப்பாதையில் செல்லும் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. அது நின்றால் மறுபடி கிளம்பாது, விழும். அந்த மூன்று விநாடியில் அது இருபது கிலோமீட்டருக்கு மேல் கடந்திருக்கும். காரைக்காலில் இருந்து திருநள்ளாறு அதில் பாதித் தொலைவுகூட இல்லை. நம் தொலைக்காட்சிக்குப் படம் அனுப்பும் புவிநிலைச் செயற்கைக்கோள்களோ நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பவை, அவை திருநள்ளாற்றின் தலைக்கு மேல் வருவதே கிடையாது. இதையெல்லாம் நான் பொறுமையாக எழுதினால், "உனக்கு எல்லாத்துலயும் குறை கண்டுபிடிக்கணும்" என்று சித்தப்பா ஒரே வரியில் முடித்துவிட்டு, அடுத்த பதிவைப் போடுகிறார்.

எரிச்சலின் உச்சம் எதுவென்றால், அந்தக் கோயிலைச் சுற்றியே உண்மையில் வியக்கத்தக்க ஒரு செய்தி இருக்கிறது, அதை யாரும் அனுப்புவதில்லை. சனிக்கோள் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. பன்னிரண்டு ராசிகளால் அதை வகுத்தால் ராசிக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதும், மூன்று ராசிகளைக் கணக்கில் கொண்டு ஏழரைச் சனி என்று பெயர் வைத்ததும் இதனால்தான். தொலைநோக்கி இல்லாத காலத்தில், வானத்தில் இவ்வளவு மெதுவாக ஊரும் ஒரு புள்ளியைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து அவர்கள் எடுத்த பலன்களை நான் ஏற்கவில்லை, கணக்கை மதிக்கிறேன். அந்தக் கணக்குக்காரர்களின் வாரிசுகள் இன்று அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்றின் பெயரைத் திருடி வந்துதான் அவர்களுக்குப் பெருமை சேர்க்க வேண்டுமா?

அடுத்தது வடக்கே தலைவைத்துப் படுக்கும் விவகாரம். "ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, பூமியின் காந்தம் அதை இழுத்து மூளைக்குக் கொண்டுபோய்விடும்" என்று படம் போட்டு விளக்கிய பதிவு ஒன்றை நம்பி, எங்கள் வீட்டில் ஆறடிக் கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். அதனால் அலமாரிக் கதவு இன்றுவரை முழுதாகத் திறப்பதில்லை. ரத்தத்தில் உள்ள இரும்பு ஆணியில் உள்ள இரும்பு போன்றதன்று; அது ஹீமோகுளோபின் மூலக்கூறுக்குள் கட்டுண்டு கிடப்பது, ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் மிக மெல்லிய அளவில் விலக்கவே செய்கிறது. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் பூமியினுடையதைப் போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல் வலியது. அதற்குள் அரைமணி நேரம் படுத்துவிட்டு, பார்க்கிங் கட்டணத்துக்குச் சண்டை போட்டபடி எழுந்து வருகிறார்கள் இதே உறவினர்கள்.

கடை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் பருத்தி நூலில் கட்டுவதற்கும் காரணம் வைத்திருக்கிறார்கள்: நூல் வழியே வைட்டமின் சி ஆவியாகிக் காற்றில் கலக்கிறதாம். வைட்டமின் சி சாதாரண வெப்பத்தில் ஆவியாகிப் பறக்கும் பொருளே அல்ல. அரச மரம் இரவிலும் ஆக்சிஜன் தருகிறதாம். வெளிச்சம் இல்லாமல் எந்த மரமும் ஆக்சிஜன் வெளியிடாது. மெட்டி அணியும் விரலில் இருந்து கருப்பைக்கு நேராக ஒரு நரம்பு ஓடுகிறதாம். எந்த உடற்கூறு நூலிலும் அப்படியொரு நரம்பு இல்லை. திருஷ்டிக்குக் கட்டினோம், மரபுக்கு அணிந்தோம் என்று சொல்ல ஏன் இத்தனை கூச்சம்?

கிரகணம் வந்தால் உலக்கை. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி, "பார், தானாக நிற்கிறது, கிரகணம் விட்டதும் விழுந்துவிடும்" என்று காணொளி சுற்றும். அடிப்பாகம் தட்டையான உலக்கை, சமதளத்தில் நிதானமாக வைத்தால், செவ்வாய்க்கிழமை மத்தியானமும் நிற்கும். ஈர்ப்பு விசைதான் காரணம் என்றால், சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் சேர்வது எல்லா அமாவாசைக்கும் நடப்பதுதானே. மாதம் ஒருமுறை ஊரெங்கும் உலக்கைகள் எழுந்து நின்றிருக்க வேண்டாமா? 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. வாழ்நாளில் சொந்த ஊர் வாசலில் நின்று நெருப்பு வளையத்தைப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்கு அமையும்? உரிய கண்ணாடி அணிந்து பார்த்திருக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்களில், நான் அறிந்த பல வீடுகளில் சன்னலைச் சாத்திவிட்டு உலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவற்றோடு பிரபலங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் பதிவுகள் தனி ரகம். அப்துல் கலாம் சொன்னார் என்று போட்டுவிட்டால் எந்தப் பொய்யும் பொன்மொழி ஆகிவிடுகிறது. எண்கணித சோதிடத்துக்குச் சாட்சி எப்போதும் ஜெயலலிதா: 2001ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் தம் பெயரின் கடைசியில் இன்னொரு 'ஏ' சேர்த்தார், அந்த ஆண்டே முதலமைச்சர் ஆனார் என்று பதிவு முடிந்துவிடும். அதே 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அவர் அந்தப் பதவியை இழந்ததை யார் எழுதுவது? 2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட அவருடைய அணிக்குக் கிடைக்காததையும், 2014இல் அவர் பெங்களூருவில் சிறைக்குச் சென்றதையும் அந்தக் கூடுதல் எழுத்தின் கணக்கில் யாரும் ஏன் எழுதுவதில்லை? ஜெயித்தால் எழுத்து, தோற்றால் விதி என்று வைத்துக்கொண்டால் எந்தச் சாத்திரமும் பொய்க்காது. மேல்நாட்டிலும் இதுபோல ஒன்று உண்டு: ஜிமி ஹென்ட்ரிக்ஸ் முதல் ஏமி வைன்ஹவுஸ் வரை இசைக்கலைஞர்கள் 27 வயதில்தான் இறக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. அங்கே ஒரு குழுவாவது உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, 27 வயதில் அப்படியொரு தனி ஆபத்து இல்லை என்று 2011இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது. இங்கே எண்ணுவதற்கு ஆள் இல்லை, கூட்டுவதற்கு மட்டும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்.

இது வெறும் பொழுதுபோக்குத் துணுக்காக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அந்தத் துணுக்கை நம்பி, எங்கள் உறவில் ஒரு பெண்குழந்தைக்கு அழகான பெயருக்குள் தேவையில்லாமல் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் செருகினார்கள். பள்ளியில் ஒருமாதிரி, ஆதாரில் ஒருமாதிரி, பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி என்று ஆகி, இன்று ஒரு பாஸ்போர்ட்டுக்காக அவளுடைய அப்பா அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். கூட்டுத்தொகை ஐந்து வந்ததாம். அலைச்சலுக்கும் செலவுக்கும் கூட்டுத்தொகை போட்டுச் சொல்ல அந்தச் சோதிடர் இப்போது போனை எடுப்பதில்லை. இவர்கள் தமிழ்ப் பெருமை என்று கொண்டாடும் இந்த எண்கணிதத்தில் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே மதிப்பெண் உண்டு என்பதையும், அதை உலகெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் அயர்லாந்தில் பிறந்த கீரோ என்பதையும் சொன்னால் என்னைத் துரோகி போலப் பார்க்கிறார்கள்.

பிரபலங்களும் இதில் சும்மா இருப்பதில்லை. 2020 மார்ச் 22 மக்கள் ஊரடங்கையொட்டி, பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் வெளியே வராமல் இருந்தால் வைரஸ் பரவுவது தடைபட்டுவிடும் என்ற வகையில் ரஜினிகாந்த் வெளியிட்ட காணொளியை ட்விட்டர் நிறுவனமே நீக்கியது. அன்று அமாவாசை, கிருமிகளின் வலிமை உச்சத்தில் இருக்கும், கைதட்டலும் சங்கொலியும் அதைக் குறைக்கும் என்ற கருத்தைப் பகிர்ந்த அமிதாப் பச்சன் பிறகு அதை அழித்துவிட்டார். அமாவாசை வந்ததே இரண்டு நாள் கழித்து, 24ஆம் தேதி! தெருவுக்குத் தெரு நாள்காட்டி கிழிக்கும் நாட்டில் அதைக்கூடச் சரிபார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ராகு காலத்தையும் விட்டுவைக்கவில்லை. அந்த நேரத்தில் "எதிர்மறைக் கதிர்கள்" இறங்குகின்றனவாம். "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று ஒரே வாக்கியத்தில் திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்ற வரிசையை அடக்கி வைத்த அந்த முகம் தெரியாத ஆசிரியருக்கு என் வணக்கம். திங்கள் ஏழரைக்குத் தொடங்கி ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டே போவது கணக்கு. ஆனால் முறைப்படி அது சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாக வகுத்து வருவது. சென்னையில் மே மாதக் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது, சனவரிக் கடைசியில் ஆறரைக்குத்தான் விடிகிறது. ஆண்டு முழுதும் ஏழரை, ஒன்பது என்று கடிகாரத்தைப் பார்த்து ஒதுங்குகிறவர்கள், அவர்களுடைய சாத்திரப்படியே தப்பான நேரத்தில் ஒதுங்குகிறார்கள். அதிலும் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை, ராகு காலம் முடியட்டும் என்று வெயிலில் நிற்கவைத்த பெரியம்மாவுக்கு எந்தக் கதிர் இறங்கியது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இனி ஐப்பசி பிறந்தால் அந்தப் படம் வரும்: தீபாவளி இரவில் விண்வெளியில் இருந்து நாசா எடுத்ததாகச் சொல்லப்படும், நீலமும் பச்சையும் சிவப்புமாக ஜொலிக்கும் இந்தியா. அது கடலையும் வானிலையையும் ஆராயும் அமெரிக்காவின் இன்னொரு நிறுவனமான நோவாவின் விஞ்ஞானி ஒருவர், பல ஆண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளை அடுக்கி 2003இல் உருவாக்கியது. 1992 முதல் எந்தெந்த ஊரில் எப்போது மின்விளக்குகள் பெருகின என்பதைக் காட்டவே அந்த வண்ணங்கள். ஊர் ஊராக மின்சாரம் ஏறிய கதையைச் சொல்லும் படம் அது, மத்தாப்புக்கு அதில் இடமே இல்லை. இந்த ஆண்டும் மாமாதான் முதலில் அனுப்புவார். "விண்வெளியிலிருந்தும் தெரிகிறது நம் பெருமை, பத்துப் பேருக்காவது பகிருங்கள்" என்று கீழே எழுதியிருக்கும். நான் அந்தப் பத்தில் ஒருவன் அல்லன் என்பதை இப்போதே எழுதி வைக்கிறேன், ராகு காலம் பார்க்காமலே.