ஒன்றரை சதவீதக் கட்சி

இத்தாலியின் பாசிச எதிர்ப்பு என்றதுமே நம்மில் பலருக்கு கம்யூனிஸ்டுகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். தப்பில்லை, மலைகளில் சண்டையிட்ட படைகளில் பெரியது அவர்களுடையது. எனக்கு மனசு போய் நிற்பது இரண்டாம் இடத்தில் இருந்த செயல் கட்சியிடம்.

கதை 1929-இல் ஆரம்பிக்கிறது. முசோலினி லிப்பாரி தீவில் அடைத்து வைத்திருந்த கார்லோ ரொசெல்லி, எமிலியோ லுஸ்ஸு, ஃபாஸ்டோ நிட்டி மூவரும் படகேறித் தப்பினார்கள். பாரிஸில் ‘நீதியும் சுதந்திரமும்’ என்ற இயக்கம் பிறந்தது. முசோலினியை விரட்டினால் மட்டும் போதாது, அவருக்குக் கதவு திறந்துவிட்ட மன்னராட்சியும் போக வேண்டும் என்றார்கள். 1937-இல் ரொசெல்லியையும் தம்பி நெல்லோவையும் பிரெஞ்சு வலதுசாரிகள் நார்மண்டியில் வைத்துக் கொன்றார்கள். ஆனாலும் இயக்கம் அழியவில்லை. 1942-இல் அதன் ஆட்கள் பலர் ரகசியமாகக் கட்டியதுதான் செயல் கட்சி.

போர் முடிந்ததும், 1945 ஜூனில், அந்தக் கட்சியின் ஃபெருச்சோ பாரி பிரதமரே ஆனார். டிசம்பருக்குள் கூட்டணியில் இருந்த லிபரல் கட்சிக்காரர்கள் காலை வாரிவிட, ஆட்சி போனது. அடுத்த பிப்ரவரியில் கட்சி மாநாட்டில் ‘சோசலிசமா, லிபரல் ஜனநாயகமா’ என்று அடித்துக்கொண்டார்கள். பாரியும் உகோ லா மால்ஃபாவும் வெளியேறினார்கள். தேர்தலுக்கு நான்கே மாதம் இருக்கும்போது!

1946 ஜூன் 2. குடியரசா, மன்னராட்சியா என்ற வாக்கெடுப்பில் 54.3 சதவீதம் பேர் குடியரசைத் தேர்ந்தெடுத்தார்கள். நாடு தழுவிய தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட்டதும் அதுதான் முதல்முறை. அதே நாளில் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் செயல் கட்சிக்குக் கிடைத்தது 1.5 சதவீதம், 7 இடம்.

‘நல்லவர்கள் தேர்தலில் ஜெயிக்க மாட்டார்கள்’ என்று இதற்குக் கண்ணீர் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பேராசிரியர்களும் வக்கீல்களும் நிறைந்த கட்சி அது. கம்யூனிஸ்டுகளுக்குத் தொழிற்சங்கம் இருந்தது, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு ஊர் ஊராக தேவாலயம் இருந்தது. இவர்களிடம் இருந்தது நல்ல கட்டுரைகள்.

1895-லிருந்தே இருக்கும் குடியரசுக் கட்சியைப் பாருங்கள். மன்னரோடு சமரசம் வேண்டாம் என்று, பாசிச எதிர்ப்புக் கட்சிகளின் கூட்டணியான தேசிய விடுதலைக் குழுவிலேயே சேராமல் ஒதுங்கி நின்ற பிடிவாதக்காரர்கள். அப்படியும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இத்தாலியைக் குடியரசாக்கப் போராடிய மாத்சினி காலத்துப் பழைய வேர் இருந்ததால் 4.4 சதவீதம், 23 இடம் வந்தது. பாரியும் லா மால்ஃபாவும் அதே வருடம் போய்ச் சேர்ந்தது அங்கேதான். லுஸ்ஸு சோசலிஸ்டுகள் பக்கம் போனார். 1947-இல் செயல் கட்சி கலைந்தது.