பதினாறு கோர் கணக்கு

சிங்கப்பூர் ஊபியில் இருக்கும் எங்கள் சரக்குக் கம்பெனிக்குப் புது சர்வர் வந்து இறங்கிய வாரம். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, மெஷினுக்கும் காசு கொடுத்தாச்சு, விண்டோஸுக்கும் கொடுத்தாச்சு. இப்போ எதுக்கு இன்னொரு பில்?"

நியாயமான கேள்வி. சர்வரில் இரண்டு பிராசஸர், ஒவ்வொன்றிலும் 16 கோர் (கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), ஆக 32. விற்றவர் தந்த கொட்டேஷனில் இருந்ததோ விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் 16 கோர் லைசென்ஸ் ஒன்றே ஒன்று. 2016 பதிப்பிலிருந்து மைக்ரோசாப்ட் கோரை எண்ணித்தான் காசு வாங்குகிறது. மெஷினில் உள்ள எல்லா கோருக்கும் லைசென்ஸ் வேண்டும், அப்படி வாங்கினாலும் இரண்டு விர்ச்சுவல் மெஷினுக்குத்தான் (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினி) உரிமை. எங்களுக்குத் தேவை நான்கு. அப்படியென்றால் 32 கோருக்கும் இன்னொரு முறை வாங்க வேண்டும். மொத்தம் 64. கொட்டேஷனில் இருந்ததைப் போல நான்கு மடங்கு! சர்வரைப் பயன்படுத்தும் ஆட்களுக்கான கேல் (CAL) லைசென்ஸ் தனி. கடைசியில் 32 கோருக்கு மட்டும் வாங்கி, இரண்டு வேலைகளை இலவச லினக்ஸான டெபியனுக்கு மாற்றினோம்.

காசு கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. 2019-இலேயே ஏஎம்டி ஒரே எபிக் பிராசஸரில் 64 கோர் வைத்துவிட்டது. சாக்கெட்டை (பிராசஸர் உட்காரும் இடம்) மட்டும் எண்ணி விற்றால் கட்டுப்படியாகாது என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் விற்கும் விஎம்வேர்கூட 2020-இல் ஒரு பிராசஸரில் 32 கோர் தாண்டினால் இன்னொரு லைசென்ஸ் என்று மாற்றியது.

ஆனால் இத்தனை கோர், இத்தனை சாக்கெட் என்ற இந்த வரம்பையெல்லாம் ஏதோ தொழில்நுட்பக் கட்டாயம் மாதிரி பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஸ்டாண்டர்டில் 4 சாக்கெட்தான் உச்சம். அடுத்து வந்த 2012-இல் அதே ஸ்டாண்டர்டுக்கு 64 சாக்கெட். அதற்கும் முன்னால், 1996-இல் விண்டோஸ் என்டி 4.0 வந்தபோது மார்க் ருசினோவிச் என்ற மென்பொருள் நிபுணர் உள்ளே நோண்டிப் பார்த்தார். வொர்க்ஸ்டேஷன் பதிப்பிலும் சர்வர் பதிப்பிலும் கெர்னல் (விண்டோஸின் மையப் பகுதி) ஒன்றுதான், எந்தப் பதிப்பாக நடந்துகொள்வது என்பதை ரெஜிஸ்ட்ரி என்ற செட்டிங் தொகுப்பில் உள்ள ஓரிரு மதிப்புகள் முடிவு செய்தன. (அவர் பிற்பாடு மைக்ரோசாப்டிலேயே சேர்ந்துவிட்டார்.) வரம்பு என்பது விலைப்பட்டியல். அப்படியே சொல்லி விற்கட்டுமே.

சின்னக் கடைக்காரர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. 6 கோர் சர்வர் ஒன்று வாங்கினாலும் ஸ்டாண்டர்டுக்குக் குறைந்தது 16 கோருக்குக் கட்டியாக வேண்டும். இல்லாத 10 கோருக்கும் சேர்த்து! சின்ன நிறுவனங்களுக்கான எசென்ஷியல்ஸ் பதிப்பு இருக்கிறது, சரி. ஆனால் 25 பயனர்களோடு அது முடிந்துவிடும்.

இன்னொன்று, சத்தமே இல்லாமல் நடப்பது. எங்கள் மாதக்கடைசி ஸ்டாக் ரிப்போர்ட் ஆமை மாதிரி நகர்ந்தது. அந்த ரிப்போர்ட்டைத் தரும் மைக்ரோசாப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்ட் 4 சாக்கெட்டுக்கு மேல் தொடாது. அது ஓடும் விர்ச்சுவல் மெஷினை அமைத்துக் கொடுத்தவர், செட்டிங்கில் 8 கோரை 8 சாக்கெட்டாக, சாக்கெட்டுக்கு ஒரு கோர் என்று பிரித்து வைத்திருந்தார். பாதி கோர் மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. 2 சாக்கெட், சாக்கெட்டுக்கு 4 கோர் என்று மாற்றியதும் எட்டும் வேலை செய்தன. கூடுதலாக ஒரு வெள்ளிகூடச் செலவாகவில்லை. எத்தனை கோரைப் பயன்படுத்துகிறது என்ற விவரம் எஸ்க்யூஎல் சர்வர் தானே எழுதி வைக்கும் எரர் லாக் பதிவின் ஆரம்ப வரிகளிலேயே இருந்தது. உங்கள் கம்பெனியிலும் இன்றைக்கே திறந்து பாருங்கள்.

சர்வர் விற்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மெஷினில் எத்தனை கோர், எத்தனை கோருக்கு லைசென்ஸ், அதில் எத்தனை விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம் என்ற மூன்றையும் கொட்டேஷனின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறவருக்குப் பெரும்பாலும் கோர் என்றால் என்னவென்றே தெரியாது.