எலும்பு ஊசிக்குப் பட்டினி தேவையில்லை

'எலும்பைப் பலப்படுத்தும் ஊசி மருந்தான சோலெட்ரானிக் அமிலம் ஏற்றும் நாளில் வெறும் வயிற்றோடு போனால் காய்ச்சல் வராது' என வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. வெறும் வயிறு, அரை மணி நேரம் படுக்காமல் இருப்பது எல்லாம் எலும்புக்கே தரப்படும் அலெண்ட்ரோனேட் என்ற மாத்திரைக்கான விதி. அந்த மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கலாம், சாப்பாட்டோடு சேர்ந்தால் உடலில் ஏறாது. சோலெட்ரானிக் அமிலமோ 5 மி.கி., ரத்தக்குழாய் வழியே குறைந்தது 15 நிமிடம் இறங்குவது. வயிற்றுக்கு இதில் வேலையே இல்லை.

தண்ணீர் குடிக்காமல் போவதுதான் ஆபத்து. மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. முன்னதாக இரண்டு டம்ளர் குடியுங்கள் (நீர்க் கட்டுப்பாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு). காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் முதல் முறைதான், சில நாளில் தணியும். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பரிசோதிக்காமல் ஏற்றிக்கொள்ளாதீர்கள்: இந்த மருந்தால் கால்சியம் மிகவும் குறைந்தால் விரல் மரத்து, தசை இழுக்கும்.