மொமோவா வருவது அக்வாமேனாக அல்ல

டிசி காமிக்ஸ் நாயகி பற்றிய 'சூப்பர்கேர்ள்' படத்தை ஜேம்ஸ் கன் இயக்குகிறார், ஜேசன் மொமோவா மறுபடியும் அக்வாமேனாக வருகிறார், மூலக் காமிக்ஸிலேயே லோபோ உண்டு என்றெல்லாம் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டுமே தப்பு. இயக்குநர் கிரெய்க் கில்லெஸ்பி, கன் தயாரிப்பாளர்தான். மொமோவா நடிப்பது லோபோவாக, அதாவது பைக்கில் அண்டம் சுற்றும் கூலிவேட்டைக்காரனாக.

'மூலக் காமிக்ஸிலேயே லோபோ உண்டு' என்பதும் சரியில்லை. படத்துக்கு மூலமான 'சூப்பர்கேர்ள்: வுமன் ஆஃப் டுமாரோ' காமிக்ஸ் 2021-22இல் எட்டு இதழ்களாக வந்தது; அத்தனையையும் புரட்டினாலும் அவன் கிடைக்க மாட்டான். கதையில் காரா, அதாவது சூப்பர்கேர்ள், தன் 21ஆவது பிறந்தநாளுக்குச் சிவப்புச் சூரியன் உள்ள கிரகமாகப் பார்த்துப் போவாள். அங்கேதான் சக்தி இருக்காது, குடித்தால் போதை ஏறும்! அப்பாவைக் கொன்றவனைத் தேடும் சிறுமி ரூத்தி அவளைச் சந்திப்பதும் அங்கேதான். அப்புறம் காராவின் நாய் கிரிப்டோ மேல் விஷ அம்பு பாய்கிறது, துரத்தல் சூடுபிடிக்கிறது.

இதில் லோபோவை எங்கே நுழைப்பார்கள்? ஊகிப்பதென்றால் நானும் ரெடி.