ஜப்பான்ல டிராவல் ஸ்டார்ட்டப்பா? டூரிஸ்ட்ட விடுங்க, விடுதிக்காரரப் பாருங்க

சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்ல இருந்து ஜப்பான்ல டிராவல் ஸ்டார்ட்டப் ஆரம்பிக்கணும்னு எனக்கு மெசேஜ் போடுற தம்பி தங்கச்சிங்க அனுப்புற பிட்ச் டெக் (முதலீடு கேட்டுக் காட்டுற ஸ்லைடுங்க) எல்லாத்துலயும் ரெண்டாவது ஸ்லைடு மட்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. 2019-ல வந்த வெளிநாட்டுப் பயணிகள் 3 கோடியே 18 லட்சம், நடுவுல கொரோனால படுத்துச்சு, 2024-ல 3 கோடியே 68 லட்சம், 2030-க்கு அரசாங்கத்தோட டார்கெட் 6 கோடி, யென் வேற விழுந்து கிடக்கு, அதனால நாங்க ஏஐ வச்சு டூர் பிளான் போட்டுக் குடுக்குற ஆப் கொண்டு வரோம். நம்பர் எல்லாம் சரி. அந்த "அதனால"ங்கிற இடத்துலதான் எனக்கு உடன்பாடு இல்ல.

நான் இங்க ஜப்பான்ல விடுதி ரிசர்வேஷன் சாஃப்ட்வேர் பக்கம் வேலை பார்க்குறவன், அந்தப் பக்கம் இருந்துதான் பேசுறேன், அதையும் சொல்லிடுறேன். வெளிநாட்டுல இருந்து வந்து ஜப்பான்ல டிராவல் டெக் பண்றவங்க பயணிக்கு விக்கப் போகாதீங்க, பயணிய கவனிச்சுக்குற ஆளுக்கு விக்கப் பாருங்க. பயணிக்கும் இங்க பஞ்சம் இல்ல, ஆப்புக்கும் பஞ்சம் இல்ல. ரூம் புக் பண்ற உள்ளூர் சைட்டுன்னா ராகுடென் டிராவல் 2001-ல இருந்து இருக்கு, ரெக்ரூட்ங்கிற கம்பெனியோட ஜாலான் இருக்கு, புக்கிங் டாட் காம், அகோடா, க்ளூக் எல்லாம் இருக்கு. கூகுள்ல டோக்கியோ ஹோட்டல்னு தேடுற ஒருத்தன தன் பக்கம் இழுக்க இவங்க விளம்பரத்துல கொட்டுற காசுக்கு முன்னாடி உங்க சீட் ரவுண்டு, அதாவது ஆரம்ப முதலீட்டுக் காசு, எத்தன நாள் தாங்கும்னு நினைக்கிறீங்க?

பஞ்சம் ஆளுக்குத்தான். வடக்க இருக்க அகிதாவோ யமகதாவோ, மலைப்பக்கமா ஒரு வெந்நீரூற்று விடுதிக்குப் போய்ப் பாருங்க. பத்துப் பன்னெண்டு ரூம் இருக்கும். ஓனரம்மா, அவங்க வீட்டுக்காரர், சமையலுக்கு ஒருத்தர், எழுபது தாண்டுன ரெண்டு பாட்டிங்க, இவ்ளோதான் ஸ்டாஃப். நாலஞ்சு ரூமை வேணும்னே பூட்டி வச்சிருப்பாங்க, கெஸ்ட் வராம இல்ல, வந்தா ராத்திரி சாப்பாடு பரிமாற ஆள் கிடையாது. நீங்க ஆப் போட்டு இன்னும் பத்துப் பேர அங்க அனுப்புனா அந்தம்மாவுக்கு சந்தோஷம் வராது, தலைவலிதான் வரும். ஆனா ராத்திரி பத்து மணிக்கு வர்ற இங்கிலீஷ் ஈமெயிலுக்கு பதில் போடுறது, யார் எந்த ரயில்ல வந்து எறங்குறாங்க, ஸ்டேஷனுக்கு எத்தன மணிக்கு வேன் எடுத்துட்டுப் போகணும், யாருக்கு மீன் ஆகாது, யார் முட்டை சாப்பிட மாட்டாங்கன்னு கேட்டு வாங்கி சமையக்கட்டுல எழுதி ஒட்டுறது, இந்த வேலையில பாதிய குறைச்சுக் குடுத்தீங்கன்னா மாசா மாசம் காசு குடுப்பாங்க, அதுவும் ஒரு தடவ ஒத்து வந்துட்டா சாமானியமா மாத்த மாட்டாங்க. இதுதான் இங்க பிசினஸ்.

அடுத்தது உங்க டேட்டாபேஸ். நம்ம ஊர்ல எழுதுன ஹோட்டல் சாஃப்ட்வேர்ல ஒரு ரூம், ஒரு ராத்திரி, ஒரு ரேட், அவ்ளோதான் இருக்கும். இங்க பாரம்பரிய விடுதி எல்லாம் தலைக்கு இவ்ளோன்னு விக்குது, அதுல ராத்திரி சாப்பாடும் காலை டிபனும் சேர்த்தி. அதே ரூம்ல ரெண்டு பேர் தங்குனா ஒரு ரேட், நாலு பேர் தங்குனா தலைக்கு வேற ரேட். குழந்தைன்னா பெரியவங்க சாப்பாடா, குழந்தை சாப்பாடா, சாப்பாடும் மெத்தையும் வேணுமா, மெத்தை மட்டும் போதுமா, ரெண்டும் வேண்டாமான்னு ஒவ்வொண்ணுக்கும் தனி ரேட். அது மேல வெந்நீரூற்றுக் குளியலுக்கு ஒரு வரி, பொதுவா ஆளுக்கு 150 யென். அது மேல ஊருக்கு ஊர் தங்கும் வரி, டோக்கியோல 2002-ல இருந்து, கியோட்டோல 2018-ல இருந்து. காசு பாதிப் பேர் வந்து எறங்குன பிறகுதான் கட்டுவாங்க. இத்தனையும் உங்க டேபிள்ல உக்காரலைன்னா டெமோவுலயே அந்தம்மா சிரிச்சுட்டு டீ குடுத்து அனுப்பிடுவாங்க.

ரூம் எத்தன காலியா இருக்குங்கிறத எல்லா சைட்டுக்கும் ஒரே நேரத்துல அப்டேட் பண்றதுக்கு இங்க டிஎல் லிங்கன், தெமாஇராசு, நெப்பான்னு உள்ளூர் சிஸ்டம்ங்க இருக்கு. இதே வேலை பார்க்குற வெளிநாட்டு சேனல் மேனேஜர் சாஃப்ட்வேர் பேர்லாம் சொன்னா நகரத்து ஹோட்டல்ல தெரியும், மலைப்பக்கம் தெரியாது. விடுதிக்காரர் உங்ககிட்ட கேக்குற முதல் கேள்வியே நாங்க வச்சிருக்க சிஸ்டத்தோட சேருமான்னுதான் இருக்கும். சேரும்னு சொல்ல முடியலைன்னா அந்த மீட்டிங் அப்பவே முடிஞ்சது. ஏஐ, மெஷின் லேர்னிங் எல்லாம் அதுக்கப்புறம் பேசிக்கலாம்.

நான் சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க, முன்னாடி வந்தவங்கள வரிசையாப் பாருங்க. ஊபர் 2015-ல ஃபுகுவோகாவுல சாதாரண ஆளுங்க சொந்தக் கார ஓட்டுற மாதிரி ஒரு டிரையல் போட்டுச்சு, கொஞ்ச நாள்லயே போக்குவரத்து அமைச்சகம் நிறுத்தச் சொல்லிடுச்சு. அப்புறம் சுத்தி வந்து டாக்ஸி கம்பெனிங்களோட கை கோத்துதான் இங்க ஓடுது. 2024 ஏப்ரல்ல ரைட்ஷேரிங்னு ஒண்ணு வந்துச்சே, அதுவும் டாக்ஸி கம்பெனி மேற்பார்வையிலதான். ஏர்பிஎன்பிக்கு 2018 ஜூன்ல வீட்டுத் தங்கல் சட்டம் வந்துச்சு, பதிவு நம்பர் இல்லாத வீட்டை லிஸ்ட்ல வைக்கக் கூடாது, வருஷத்துக்கு 180 நாள்தான் விடலாம். அந்த ஒரு மாசத்துல ஜப்பான்ல அவங்க லிஸ்ட்ல இருந்ததுல கிட்டத்தட்ட அஞ்சுல நாலு பங்கு காணாமப் போச்சு. நம்ம ஊரு ஓயோவ எடுத்துக்கோங்க, பின்னாடி சாஃப்ட்பேங்க், யாஹூ ஜப்பான்னு இருந்தும் 2019 மார்ச்ல அபார்ட்மென்ட் வாடகை பிசினஸ் ஆரம்பிச்சு அதே வருஷம் நவம்பர்லயே யாஹூ ஜப்பான் கூட்டுல இருந்து வெளிய போயிடுச்சு, ஹோட்டல் பக்கம் ஒப்பந்தத் தகராறெல்லாம் செய்தியில வந்துச்சு, 2022-ல ஜப்பான் கம்பெனி பேரையே டாபிஸ்ட்னு மாத்திட்டாங்க. இவங்க யாருக்கும் காசு குறைவா? மூளை குறைவா?

இப்ப கேகேடேங்கிற கம்பெனியப் பாருங்க. 2014-ல தைவான்ல ஆரம்பிச்சது. டூர், டிக்கெட் வித்துட்டு இருந்தவங்க, ரெசியோன்னு ஒரு புக்கிங் சாஃப்ட்வேர ஜப்பான்ல சின்னச் சின்ன டூர்க்காரங்களுக்கு, அனுபவக் கடைக்காரங்களுக்குக் குடுத்தாங்க. அதாவது கிமோனோ வாடகைக் கடை, டைரி வச்சு போன்ல புக்கிங் எடுத்துட்டு இருந்த கடை, அதுக்கு ஒரு சிஸ்டம். கொரோனா உச்சத்துல, டிராவல் கம்பெனி எல்லாம் ஆளக் குறைச்சுட்டு இருந்த 2020-ல ஜப்பான் அரசாங்கப் பணம் இருக்க கூல் ஜப்பான் ஃபண்ட் இவங்களுக்கு முதலீடு குடுத்துச்சு. வெளிநாட்டுக் கம்பெனிதான். கடைக்காரருக்கு உபயோகமான கம்பெனி.

லைசென்ஸ் விஷயத்துல நிறையப் பேர் கண்ண மூடிக்கிறீங்க, அதனால இத கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். டிராவல் ஏஜென்சி சட்டம் 1952-ல போட்டது, இன்னைக்கும் அதான் ராஜா. ரூமோ பஸ்ஸோ ரயிலோ அடுத்தவங்களுக்கு ஏற்பாடு பண்ணிக் குடுத்து காசு வாங்குனா பதிவு வேணும். முதல் வகைன்னா டெபாசிட்டே குறைஞ்சது 7 கோடி யென், ரெண்டாவதுக்கு 1 கோடியே 10 லட்சம், மூணாவதுக்கு 30 லட்சம். டிராவல் ஏஜென்சி சங்கத்துல சேந்துட்டா அதுல அஞ்சுல ஒரு பங்கு கட்டுனாப் போதும், அதனால மூணாவது வகைக்கு 6 லட்சத்துல முடியும், ஆனா கம்பெனி கையில 30 லட்சம் சொத்து இருக்கணும். அது போக ஆபீஸுக்கு ஒரு தகுதி பெற்ற மேனேஜர், அந்தப் பரீட்சை ஜப்பானிய மொழியில, ரயில் கட்டணத்துல இருந்து சட்டப் பிரிவு வரைக்கும் கேப்பான். இப்ப எங்க வழி இருக்குன்னு பாருங்க. சமையல் கிளாஸ், கிமோனோ மாதிரி அனுபவம் மட்டும் தனியா வித்தா, அதுல தங்குறதும் பயணமும் சேராத வரைக்கும், இந்தப் பதிவு வேண்டாம். விடுதிக்கு சாஃப்ட்வேர் மட்டும் வித்துட்டு பேரத்துல நீங்க தலையிடலைன்னா வேண்டாம். வெளிநாட்டு டூர் கம்பெனிக்காக இங்க பஸ், ரூம் எல்லாம் ஏற்பாடு பண்ணித் தர்ற வேலைக்கு 2018 ஜனவரில தனிப் பதிவு ஒண்ணு வந்துச்சு, அதுக்கு டெபாசிட் கிடையாது. அதே மாசத்துல இருந்துதான் லைசென்ஸ் இல்லாதவங்களும் காசு வாங்கிட்டு கைடு வேலை பார்க்கலாம்னு ஆச்சு. சட்டமே எந்தப் பக்கம் கதவ தொறந்து வச்சிருக்குன்னு கவனிங்க, எல்லாம் தொழில்காரருக்கு உதவுற பக்கம்.

இதுல உள்ளூர்க்காரங்களுக்கு ஒரு வயித்தெரிச்சல் உண்டு, ஜப்பானுக்குள்ள ஆபீஸே வைக்காம வெளிய இருந்து விக்குற பெரிய சைட்டுங்க மேல இந்தப் பதிவுச் சட்டம் பாயல. நியாயமான எரிச்சல்தான். ஆனா நீங்க இங்க வந்து கம்பெனி வைக்கப் போறீங்க, உங்க மேல பாயும்.

விசா. பழைய யூடியூப் வீடியோ பாத்துட்டு 50 லட்சம் யென் இருந்தா பிசினஸ் மேனேஜர் விசா கிடைக்கும்ல அண்ணான்னு இன்னும் கேக்குறாங்க. அது 2025 அக்டோபர் 16-ஓட போச்சு. இப்ப 3 கோடி யென் முதல், நம்ம காசுல ஒன்றரைக் கோடிக்கு மேல. கூடவே ஒரு முழுநேர ஊழியர், உங்களுக்கோ அந்த ஊழியருக்கோ நல்ல ஜப்பானிய மொழி, மூணு வருஷ நிர்வாக அனுபவமோ முதுகலைப் பட்டமோ, ஆடிட்டர் மாதிரி ஒரு நிபுணர் பாத்து ஒத்துக்கிட்ட பிசினஸ் பிளான். வீட்டையே ஆபீஸ்னு காட்டவும் பொதுவா விட மாட்டாங்க. ஸ்டார்ட்டப் விசான்னு ஒண்ணு இருக்கு, ஃபுகுவோகா 2015-லயே ஆரம்பிச்சது, இப்ப நாடு முழுக்க ரெண்டு வருஷம் வரைக்கும் குடுக்குறாங்க, ஆனா அந்த ரெண்டு வருஷம் முடியும்போது அதே 3 கோடி வாசல்லதான் போய் நிக்கணும். காகிதக் கம்பெனி வச்சு விசா வாங்குனவங்கள வடிகட்டத்தான் இது, அது எனக்குப் புரியுது, ஆனா சின்னதா ஆரம்பிச்சு நெஜமா வேலை பார்க்குறவனும் அதே சல்லடையில மாட்டிக்கிட்டான், அத சொல்லாம இருக்க முடியல.

அதனால என் யோசனை, இத கேட்டா சில பேருக்குக் கோவம் வரும். ஃபவுண்டரா வராதீங்க. வேலைக்கு வாங்க. ஒரு ஜப்பான் டிராவல் கம்பெனியிலயோ ஹோட்டல் சாஃப்ட்வேர் கம்பெனியிலயோ எஞ்சினியரா சேருங்க. படிப்பு, சம்பளம், வயசு, மொழி எல்லாத்துக்கும் பாயிண்ட் போடுற உயர்திறன் முறையில 80 பாயிண்ட் இருந்தா ஒரு வருஷத்துல, 70 இருந்தா மூணு வருஷத்துல நிரந்தரமாத் தங்குற உரிமைக்கு, அதாவது பிஆருக்கு அப்ளை பண்ணலாம், 2017-ல இருந்து இருக்குற வழி. பிஆர் கைக்கு வந்துட்டா கம்பெனி ஆரம்பிக்க அந்த 3 கோடி நிபந்தனை உங்களத் தொடாது. பேங்க் அக்கவுன்ட், போன் நம்பர், ஆபீஸ் வாடகைக்கு கேரன்டி, வெளிய இருந்து வர்ற ஃபவுண்டர் மாசக் கணக்குல அலையுற இதெல்லாம் அதுக்குள்ள தானா முடிஞ்சிருக்கும். டோக்கியோல நம்ம ஆளுங்க நிறைய இருக்க எங்க நிஷி காசாய் பக்கம் ஐடி வேலையில இருக்க நம்ம ஆளுங்கள்ல பலர் ஏற்கனவே பாதி வழியில நிக்குறாங்க, அவங்கதான் இந்தத் தொழிலுக்கு சரியான ஆளுங்கன்னு நான் நினைக்கிறேன். சென்னையில இருந்து பிட்ச் டெக் தூக்கிட்டு வர்றவங்கள விட.

பெரிய கம்பெனி கூட பைலட், அதாவது சோதனை ஓட்டம், கிடைச்சுதுன்னு துள்ளுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கைகுலுக்கி போட்டோ எடுப்பாங்க, பிரஸ் ரிலீஸ் வரும், ஆனா பட்ஜெட் ஏப்ரல்ல இருந்து மார்ச் கணக்கு, அடுத்த வருஷ பட்ஜெட்ல உங்க பேர் ஏறலைன்னா பைலட் பைலட்டாவே செத்துப் போகும். மூணு பெரிய பேர ஸ்லைடுல காட்டுறத விட மாசம் இருபதாயிரம் யென் கட்டுற முப்பது சின்ன விடுதி மேல்.

பயணி பக்கமே ஏதாவது பண்ணியாகணும்னு துடிக்கிறவங்களுக்கு நம்ம ஆளுங்க படுற பாட்டுலயே விஷயம் இருக்கு. 2024-ல இந்தியால இருந்து வந்தவங்க ரெண்டே கால் லட்சத்துக்கு மேல, கொரியால இருந்து 88 லட்சம். சின்னக் கூட்டம், அதனால பெரிய சைட்டு எதுவும் நமக்குன்னு மெனக்கெடாது. இந்தியால ஆண்ட்ராய்டுதான் எல்லார் கையிலயும், ஆனா வெளிநாட்டுல வாங்குன ஆண்ட்ராய்டுல ஃபெலிகாங்கிற ஜப்பான் சிப் முறை வேலை செய்யாததால மொபைல் சூயிகா, அதாவது போன்லயே இருக்குற ரயில் கார்டு, போட முடியாது, ஐபோன்ல 8-ல இருந்து எல்லாத்துலயும் ஓடும். புக்கிங் ஃபார்ம்ல குடும்பப் பேர் தனி, சொந்தப் பேர் தனி, அது ரெண்டையும் கதகானாங்கிற ஜப்பானிய எழுத்துல வேற கேக்கும், இனிஷியலும் ஒத்தப் பேரும் வச்சிருக்க நம்மாளு என்னத்த போடுறது? அப்புறம் சைவம். காய்கறின்னு எழுதியிருக்க கூட்டுலயும் சூப்புலயும் மீன் சாறு இருக்கும், விடுதிக்காரரு பொய் சொல்லல, அவருக்கு அது கணக்குலயே வராது. வெங்காயம் பூண்டு வரைக்கும் வேண்டாம்ங்கிற குஜராத்தி குடும்பம் ஒரு கிராமத்து விடுதிக்குப் போனா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. விடுதியோட சமையக்கட்டுக்குப் புரியுற மாதிரி, மீன் சாறு ஆகுமா, முட்டை ஆகுமா, எத்தன நாள் முன்னாடி தெரியணும், கூடுதல் எவ்ளோன்னு ரெண்டு பக்கமும் ஒரே பக்கத்துல ஒத்துக்குற ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருந்தா அத நானே நாலு விடுதிக்கு அறிமுகப்படுத்தி விடுவேன்.

இதுக்கு மேல இன்பாக்ஸ்ல வர்றவங்க பிட்ச் டெக் அனுப்ப வேண்டாம். எந்த வகைப் பதிவுல வரும் இல்ல பதிவே வேண்டாமா, விசா என்ன, முதல் பத்து விடுதி எந்த ஊர்ல, அவங்க இப்ப எந்த சிஸ்டம் வச்சிருக்காங்க, இத நாலு வரியில எழுதி அனுப்புங்க, சனிக்கிழமை உக்காந்து படிச்சு பதில் போடுறேன்.