மாசி வீதியில் வழி கற்கும் வண்டி

“மூளை சமாச்சாரத்தை உயிரியல்காரர்களிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் பொறியியல் மாணவர்கள்.” போன வாரம் ப்ராஜெக்ட் தேர்வுக்கு வந்த ஒருவர் என் மாணவர்கள் நான்கு பேரைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகள் இவை. அவர் யார், எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. மதிப்பெண் குறைந்ததுகூட எனக்குப் பெரிதில்லை. ஆனால் அந்தச் சொல் தவறு. மின்னணுவியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர்கள் செய்தது இதுதான். பழைய தள்ளுவண்டி ஒன்றில் மோட்டாரும் சக்கரச் சுழற்சியை எண்ணும் கருவியும் பொருத்தி, மேலே ஒரு சாதாரண கேமராவை வைத்தார்கள். பார்சல் ஆபீஸிலிருந்து ஜவுளிக் கடைகளுக்குப் பண்டல் கொண்டுபோகும் வண்டி, ஒரு நாள் தானாகவே வழி கண்டுபிடித்துப் போக வேண்டும் என்பது கனவு. இப்போதைக்கு அவர்கள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். எலியின் மூளை வழி கற்கும் முறையைப் பின்பற்றி வண்டி பார்த்துக் கற்றுக்கொள்கிறது.

“ஜி.பி.எஸ். எதற்கு இருக்கிறது?” என்பது தேர்வாளரின் முதல் கேள்வி. மதுரையின் ஆவணி மூல வீதிக்குள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்குப் பதில் தெரியும். ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைக்க வேண்டும். அது வரும்போதே மிக மெலிந்து வருகிறது. இருபுறமும் மாடிக் கட்டடங்கள் நெருக்கினால் சுவரில் பட்டுத் திரும்பி வருவதும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். நாம் ஒரு சந்தில் நிற்போம். நீலப் புள்ளி அடுத்த சந்தில் நிற்கும். இரண்டாவது கேள்வி, ஏன் லைடார் வைக்கவில்லை என்பது. லேசரால் சுற்றுப்புறத்தை அளக்கும் அந்தக் கருவி நல்ல கருவிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் துல்லியமாக அளந்து வைத்த வீதி, சித்திரைத் திருவிழாவுக்குப் பந்தல் போட்ட மறுநாளே வேறு வீதியாகிவிடும். பண்டல் சுமக்கும் ஒரு வண்டிக்கு அத்தனை செலவு கட்டுப்படியாகுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

மாணவர்களுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்றால், மூன்று சக்கர மிதிவண்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பண்டல் ஏற்றும் ஒரு பெரியவரிடமிருந்து. ஒரு நாள் இரவு அவர் பின்னால் இவர்கள் போய்க்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. பெரியவர் மிதிப்பதை நிறுத்தவே இல்லை. சாக்கடை மூடியில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம், நாட்டுமருந்துக் கடையின் வாசனை, தெரு லேசாகச் சரியும் இடம் என ஒவ்வொன்றாகத் தாண்டி, சொன்ன கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, “அடுத்து என்ன வரும் என்று தெரியும் தம்பி, அது வந்தால் சரியாகப் போகிறோம் என்று அர்த்தம்” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதைத்தான் நரம்பியல் அறிவியலாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்துக் கண்டுபிடித்தார்கள். லண்டனில் ஜான் ஓ’கீஃப் 1971-இல் எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் ஒரு வகைச் செல்களைக் கண்டார். எலி அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் ஒரு செல் துடிக்கும். வேறு இடத்தில் வேறு செல். இவை இடச் செல்கள். பிறகு, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லும் திசைச் செல்கள் தெரியவந்தன. 2005-இல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர் கண்டது இன்னும் அழகு: எலி நடக்க நடக்க, ஒரே செல் சீரான இடைவெளியில் பல இடங்களில் துடிக்கிறது. அந்த இடங்களைத் தரையில் குறித்தால், நம் வீட்டு வாசலில் வைக்கும் ஊடுபுள்ளிக் கோலத்தின் புள்ளிகளைப் போலவே அமைகின்றன. வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரைந்தபோது, ஒரு மாணவி எழுந்து கோலத்தின் பெயரையே சொல்லிவிட்டாள். மூவருக்கும் 2014-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் பொறியியல் ஆக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருந்தார்கள். மைக்கேல் மில்ஃபோர்டும் கோர்டன் வைத்தும் எலி மூளையை முன்மாதிரியாக வைத்து ராட்ஸ்லாம் என்ற முறையை உருவாக்கினார்கள். கார் மேல் வைத்த ஒரே ஒரு சாதாரண கேமராவைக் கொண்டு, ஒரு புறநகர்ப் பகுதியின் தெருக்களில் 66 கிலோமீட்டர் ஓடி அதன் வரைபடத்தை உண்டாக்கியதாக 2008-இல் வெளியிட்டார்கள். பின்னர் ஓர் அலுவலகத்தில் இரண்டு வாரம் ரோபோவை ஓடவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பொருள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைச் செய்ய வைத்தார்கள். அந்த நிரல் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. என் மாணவர்கள் தொடங்கியது அதிலிருந்துதான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்த முறை அவசரப்படாது என்பது. சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் தூரக் கணக்கு பிசகும். போகப் போகப் பிசகு வளரும். பழகிய காட்சி ஒன்று கண்ணில் பட்டால், ‘நாம் அங்கே இருக்கலாம்’ என்ற எண்ணம் ஒரு ஓரத்தில் முளைக்கும். உடனே அதை நம்பி இடம் மாறிவிடாது. அடுத்தடுத்த காட்சிகளும் ஒத்துவந்தால் அந்த எண்ணம் வலுக்கும், மற்றது ஓய்ந்துபோகும். பெரியவர் சொன்னதும் இதுதானே?

மதுரையைப் போல இதற்கு வேறு சோதனைக்களம் வேண்டுமா? கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி, அதற்கும் வெளியே வெளி வீதி. எல்லாம் சதுரத்துக்குள் சதுரம். ஒவ்வொன்றிலும் கீழ, மேல, வடக்கு, தெற்கு. காலை 5 மணிக்கு எல்லாக் கடைகளும் ஷட்டர் இறக்கியிருக்கும். ஒரு நாள், மேல ஆவணி மூல வீதியிலிருந்து வடக்கு ஆவணி மூல வீதிக்குத் திரும்பும் முனையை வண்டி பார்த்துவிட்டு, மேல மாசி வீதி முனை என்ற எண்ணத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டு முனையிலும் திரும்பும் திசை ஒன்றே என்பதால் திசை கைகொடுக்கவில்லை. எதிரே அதே சாம்பல் நிற ஷட்டர் வரிசை. அன்று காலை மடிக்கணினித் திரையில், வண்டி எங்கே இருக்கிறது என்ற இரண்டு ஊகங்களைக் காட்டும் இரண்டு ஒளித்திட்டுகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தவறான திட்டுதான் பளிச்சென்று எரிந்தது. வண்டி இன்னும் முப்பது நாற்பது அடி போனது. ஒரு மின்மாற்றி, அதன் அடியில் பால் கேன்களை இறக்கிவைத்திருந்த டீக்கடை. தவறான திட்டு மங்கத் தொடங்கியது, மற்றது எழுந்தது. வண்டி தன் தவறைத் தானே உணர்ந்த அந்த நொடியில் நான்கு பேரும் வீதியில் நின்று கைதட்டினார்கள்.

இந்தக் காட்சியைத் தேர்வாளர் பார்க்கவில்லை. காணொளி இருக்கிறது என்று மாணவர்கள் சொன்னபோதும், நேரமில்லை என்று சொல்லிவிட்டார்.

உயிர்களிடம் கற்பது பொறியியல் ஆகாது என்றால், பாலைவன எறும்பை என்ன செய்வது? எறும்பின் கால்களில் பன்றி முடியால் பொய்க்கால் ஒட்டி, திரும்பும்போது அது புற்றைத் தாண்டிப் போவதை ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். எறும்பு அடி எண்ணுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. வானத்து ஒளியைப் பார்த்துத் திசை அறியும் அந்த எறும்பின் வழியில், பிரான்சில் ஆறு கால் ரோபோ ஒன்றை 2019-இல் ஜி.பி.எஸ். இல்லாமல் வெளியே போய்த் திரும்பிவர வைத்தார்கள். 2024-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில், 56 கிராம் எடையுள்ள ட்ரோன் பூச்சிகளின் முறையில் வழியை நினைவில் வைத்துத் திரும்பியது. 100 மீட்டர் வழிக்கு ஒரு கிலோபைட் நினைவகம்கூடத் தேவைப்படவில்லை. குறைந்த செலவில், குறைந்த மின்சாரத்தில் வேலை முடிப்பதுதானே பொறியியல்? மனித மூளை முழுவதும் ஏறத்தாழ 20 வாட்டில் இயங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் என்ற பெயரில் கடையில் விலைக்கு வாங்கி வந்து வைப்பவை ஏராளம். இந்த நால்வரும் விடிவதற்கு முன் எழுந்து, இருபது நாட்கள் தெருவில் நடந்து, தோற்று, திருத்தியிருக்கிறார்கள். அவர்களைத் தலைகுனிய வைத்து அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. மறுமதிப்பீட்டுக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். இந்த முறை காணொளியையும் இணைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு மறுபடி போகிறோம். ஆவணி மூல வீதியை முடித்துவிட்டு, தேர் சுற்றிவரும் மாசி வீதிகளை முழுவதுமாக ஒரு சுற்றுச் சுற்றப் போகிறோம். பெரியவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் முன்னால் போக, வண்டி பின்னால் வரும்.