ஒரே நாவலுக்கு எத்தனை தடவைதான் மெய்ப்புப் பார்ப்பது?

நாவலை அச்சுக்குக் கொடுத்த இடத்திலிருந்து மூன்றாவது ப்ரூஃப், அதாவது அச்சேறும் முன் பிழை பார்க்கத் தரும் படி, இன்று மதியம் வந்தது. டெம்மி அளவில், பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று 19 ஃபாரம், மொத்தம் 304 பக்கம். இரண்டாவது ப்ரூஃபில் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்த பிழைகளில் பாதி அப்படியே இருக்கிறது. முன்பு சரியாக இருந்த இடங்களில் புதிதாகப் பிழை முளைத்திருக்கிறது. வயிறு எரிகிறது.

நான் எழுதிக் கொடுத்தது யுனிகோடில், அதாவது எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும் பொதுக் குறியீட்டு முறையில். தமிழ்99 விசைப்பலகையில், நாலு வருஷம், ஒவ்வொரு வரியாக அடித்த நாவல். கொடுப்பதற்கு முன் நானே இரண்டு தடவை படித்துத் திருத்தியிருந்தேன். இதை வாங்கி அப்படியே பக்கம் வைக்க வேண்டியதுதானே வேலை? இல்லையாம். அவர்களிடம் இருப்பது பேஜ்மேக்கர், பக்கம் வைக்கும் பழைய மென்பொருள். அதற்கு யுனிகோடு தெரியாது. அதனால் என் கோப்பை ஒரு மாற்றியில் போட்டு, பழைய எழுத்துருவுக்குக் கொண்டுபோய், அப்புறம்தான் பக்கம் வைப்பார்களாம்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். யுனிகோடில் தமிழ் இடம்பிடித்தது 1991இல். தமிழ்நாடு அரசே யுனிகோடை ஏற்று 2010இல் அரசாணை போட்டுவிட்டது. பக்கம் வைக்கும் புதிய மென்பொருளான இன்டிசைனில் இந்திய மொழிகளைச் சரியாகக் கோக்கும் வசதி 2012இலிருந்து இருக்கிறது, ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும். இத்தனைக்கும் பிறகு என் நாவல் ஏன் பின்னோக்கிப் போக வேண்டும்? "எங்களுக்கு இதுதான் சார் பழக்கம், வேகமா வரும்" என்கிறார்கள். அந்த வேகத்துக்கு என் நாலு மாசத்தைக் கொடுத்திருக்கிறேன்.

பழைய எழுத்துரு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்தின் இருக்கையில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். கணினிக்கு அது ஆங்கிலம், நம் கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். அரைப்புள்ளி விசையை அடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி விழும். இப்போது என் நாவலுக்கு வாருங்கள். கோவில்பட்டிப் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவருக்கு ஆங்கிலத்தில் வேலைநீக்கக் கடிதம் வருகிறது. ஆறு வரி. அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது, பள்ளிக்கூடம் போகும் மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறார். கதையே அந்த இடத்தில்தான் திரும்புகிறது. முதல் ப்ரூஃபில் அந்த ஆறு வரியும் எந்த மொழியிலும் இல்லாத தமிழ் எழுத்துக் குவியலாக இருந்தது. ஆங்கில எழுத்தெல்லாம் அந்த எழுத்துருவில் தமிழ் உருவம் எடுத்துவிட்டது. அதை ஒருவர் திரையில் பார்த்திருக்கிறார், அச்செடுத்திருக்கிறார், என் கையில் கொடுத்திருக்கிறார். யாருக்கும் உறுத்தவே இல்லையா?

போதாததற்கு வரி உடைவது. 'கொ'வின் கொம்பு ஒரு வரியின் கடைசியில் நிற்கிறது, ககரமும் காலும் அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. ஒரு பக்கத்தில் இல்லை, பதினோரு பக்கத்தில்.

சரி, இது இயந்திரத்தின் கோளாறு. மனிதர்கள் செய்ததைச் சொல்கிறேன். நான் கேட்காமலே ஒருவர் உட்கார்ந்து என் ஒற்றுகளைத் 'திருத்தி'யிருக்கிறார். "மேனேஜர் அவனுக்கு வேலை கொடுத்தார்" என்று எழுதியிருந்தேன். அது "வேலைக் கொடுத்தார்" ஆகியிருக்கிறது. நூற்பாலை மேனேஜர் எதற்கய்யா வேலைத் தூக்கிக் கொடுக்கிறார், முருகன் கையிலிருப்பதையா? 'செடிகொடி' என்பது 'செடிக்கொடி' ஆகிவிட்டது. செடியும் கொடியும் என்று விரியும் உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம்.

அதையும் பொறுத்துக்கொள்வேன். எழுபது வயதுக் கிழவி, "அவுக நேத்தே வந்துட்டாக, நீதாம்ல பாக்கல" என்கிறாள். அது "அவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள், நீதான் பார்க்கவில்லை" என்று மாறி நிற்கிறது. அந்தப் பேச்சு என் அம்மாச்சியின் பேச்சு. அவள் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவள் குரல் எங்கேயாவது தங்கட்டும் என்றுதான் இந்த நாவலையே எழுத உட்கார்ந்தேன். அதைப் பிழை என்று நினைத்து அழிக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? 'பேச்சுவழக்கைத் தொட வேண்டாம்' என்று முதல் தாளிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

இரண்டாவது ப்ரூஃபில் இன்னொரு கூத்து. கருப்பு, கறுப்பு இரண்டுமே தமிழில் புழங்குகிற சொற்கள்தான். நான் முழுக்கக் கருப்பு என்றே எழுதியிருந்தேன். அவர்களில் யாருக்கோ கறுப்புதான் சரி என்று பட்டிருக்கிறது. 'கரு' என்று தேடி 'கறு' என்று மொத்தமாக மாற்றச் சொல்லிவிட்டார்கள். கருவேலம் கறுவேலமாயிற்று. கருதினான், கறுதினான். கருணை, கறுணை. கருப்பசாமி கோயில் வருகிற இடமெல்லாம் கறுப்பசாமி. கரிசல் காட்டு நாவலில் கருவேலம் எத்தனை தடவை வரும் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினேன்.

இதெல்லாம் ஒருவழியாகச் சரியானாலும் முடிந்ததா? இல்லை. அமேசானின் கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழில் மின்னூல் போடலாம். அதற்கு யுனிகோடு வேண்டும். ஆனால் இத்தனை திருத்தமும் உட்கார்ந்திருப்பது பழைய எழுத்துருக் கோப்பில். "திரும்ப மாத்தித் தர்றோம் சார்" என்று மாற்றியும் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால், 'மௌனம்' எல்லாம் கொம்பு போட்ட மகரமும் அதற்குப் பின்னால் தனி ளகரமுமாகப் பிரிந்து கிடக்கின்றன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்றுகூடச் சிக்காது. திருத்தம் அடித்தவர் ரகரத்துக்குப் பதிலாகக் கால் விசையைத் தட்டியிருக்கிறார். காகிதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. யுனிகோடுக்கு வந்ததும் 'அவர்கள்' என்ற சொல் நடுவில் காலும் புள்ளியுமாகச் சிதைந்து நிற்கிறது.

ஆக என்னிடம் இப்போது இரண்டு நாவல்கள் இருக்கின்றன. நான் எழுதிய யுனிகோடுக் கோப்பு ஒன்று, அதில் ப்ரூஃபில் செய்த திருத்தங்கள் இல்லை. இன்னொன்று, திருத்தங்கள் இருக்கிற ஆனால் உடைந்துபோன கோப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 304 பக்கத்தையும் மறுபடி படிக்கச் சொல்கிறார்கள். அதற்கு நான் பணம் வேறு கொடுத்திருக்கிறேன்.

பணம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்துக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் மத்திய அரசின் முகமை தருகிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கும் ஒரு தொகை எழுதி ரசீது நீட்டினார்கள். கொடுக்கவில்லை, நானே வாங்கிக்கொண்டேன்.

நாளைக் காலையில் போகிறேன். என் யுனிகோடுக் கோப்பில் நானே எல்லாத் திருத்தத்தையும் ஏற்றித் தருகிறேன், இன்டிசைனில் அப்படியே வையுங்கள், ஒரு எழுத்தையும் தொடாதீர்கள் என்று சொல்லப் போகிறேன். முடியாது என்றால் முன்பணம் போனால் போகட்டும், இந்த ஜனவரிப் புத்தகக் காட்சி தவறினாலும் தவறட்டும். அம்மாச்சி "வந்துட்டாக" என்றுதான் சொல்வாள். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும்.